யூரோவை ‘டு பே’யில் அனுப்பிய கதை

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் எங்கள் பக்கத்துப் போளியான ஒப்புட்டு விழுந்து, அதன் மேல் நெய்யும் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு இரண்டாவது ஒப்புட்டுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் மட்டும் இடது கையில் செல்போனை வைத்துக்கொண்டு, மேஜைக்கு அடியில் அதை மறைத்து, கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு புது எண் மேலே வரும்.

யூரோ விலை.

“ரசமுங்களா?” என்றார் பரிமாறுகிறவர்.

சரியாக அந்த நேரம் பார்த்து எண் ஏறியது. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று தலையை ஆட்டினேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். என் இலையில் அப்போது சோறே இல்லை. ரசம் ஒப்புட்டைச் சுற்றி வளைத்துத் தீவாக்கிவிட்டு, இலை நுனியைத் தாண்டி, மேஜை விளிம்பு வழியாக என் வேட்டியில் இறங்கியது. நல்ல சூடு. மிளகும் சீரகமும் தூக்கலான ரசம் என்பது தொடைக்கே தெரிந்தது.

பக்கத்து இலைக்காரர் பெண் வீட்டுச் சொந்தம், எங்கள் பேச்சில் ஒறம்பரை. மஞ்சள் விவசாயி. என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

“ஏனுங்க, ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?”

“இல்லீங்க. யூரோ வெல ஏறிப்போச்சுங்க.”

“அட, ஏறுனா நல்லதுதானுங்களே. வித்துப்போடுங்க!”

“நான் விக்கறவன் இல்லீங்க. வாங்கோணும்.”

“அப்ப ஏறுற வரைக்கும் ஏனுங்க சும்மா உக்காந்திருந்தீங்க?”

அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயம் முழுக்கப் பதில் சொல்லப் போகிறேன். அன்றைக்கு மோர் வேண்டும் என்று கேட்டுத் தப்பித்தேன்.

ஒண்ணாந்தேதி நம்பிக்கை

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் சோமனூரில் நூல் கமிஷன் ஏஜென்ட். மில்லில் நூலை எடுத்துத் தறிக்காரர்களுக்குத் தருவேன். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் தொழில். திட்டுக்குத்தான் கமிஷன், நூலை லாரியே கொண்டுபோய்விடும்.

எங்கள் ஒரே பெண் அபிநயா. வீட்டில் பாப்பா. மேல்படிப்புக்காக ஜெர்மனிக்குப் போனாள். போன ஊரில் படிப்பு எளிதாகக் கிடைத்தது, படுக்க இடம்தான் கிடைக்கவில்லை. நிவேதா என்று பவானிப் பெண் ஒருத்தி, ஒரு வருடம் முன்னால் போனவள், தன் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்தச் சோபாவில் இருந்தபடியே பாப்பா விண்ணப்பித்து விண்ணப்பித்து, கடைசியில் மாணவர் விடுதி ஒன்றில் ஓர் அறை அமைந்தது.

விடுதி அலுவலகத்தின் நிபந்தனை மிகத் தெளிவாக இருந்தது. முன்பணமும் முதல் சில மாத வாடகையும் சேர்த்து முழுத்தொகையும் இன்ன வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தங்கள் கணக்குக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அறை, காத்திருப்போர் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விசாவுக்காகக் கட்டிய பணம் அங்கேயே ஒரு கணக்கில் பூட்டிக் கிடந்தது. அதைத் திறக்க வேண்டுமானால் அந்த ஊரில் வங்கிக் கணக்கு வேண்டும். வங்கிக் கணக்குக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு அறை வேண்டும். அறைக்குப் பணம் வேண்டும். இதைப் பாப்பா எனக்குப் போனில் விளக்கி முடித்தபோது எனக்கே தலை சுற்றி, ஒரு சோபா வேண்டியிருந்தது.

ஆகவே பணம் இங்கிருந்துதான் போக வேண்டும். அவகாசம் ஒரு வாரத்துக்கு மேலேயே இருந்தது. வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் மறுநாள் காலை வங்கிக்குப் போயிருப்பான். நான் சோமனூர்க்காரன்.

எங்கள் ஊரில் நூல் விலையை மில்காரர்கள் பெரும்பாலும் மாதம் பிறக்கும்போது அறிவிப்பார்கள். மாதக் கடைசியில் எவனும் நூல் வாங்க மாட்டான். தறி நின்றாலும் பரவாயில்லை, ஒண்ணாந்தேதி பார்த்துக்கொள்ளலாம் என்று கைகட்டி உட்கார்ந்திருப்பான். இது எங்கள் உடம்பில் ஊறிப்போனது. டீக்கடையில் வடை விலை ஏறினால்கூட ஒண்ணாந்தேதி குறையுமா என்று கேட்கிற ஆட்கள் நாங்கள்.

“அவசரப்படாத பாப்பா. மாசம் பொறக்கட்டும், வெல எறங்கும்” என்றேன்.

“அப்பா, அது நூல் இல்லீங்கப்பா.”

“எல்லாம் சரக்குத்தான் கண்ணு.”

எந்த மில் யூரோவை ஒண்ணாந்தேதி அறிவிக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

தினமும் எழுந்தவுடன் போனில் யூரோ பார்ப்பேன். பல் விளக்கிவிட்டு ஒரு தடவை. காபிக்கு ஒரு தடவை. அது ஏறிக்கொண்டே இருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அசையவே இல்லை. “ஏத்தம் நின்னுபோச்சு, இனி எறக்கந்தான்” என்று என் மனைவி மல்லிகாவிடம் சொல்லி, அந்தச் சந்தோஷத்தில் ஆட்டுக்கறி எடுத்து வந்தேன். சந்தைக்கே வார விடுமுறை என்பது திங்கட்கிழமை அது மறுபடி ஏறியபோதுதான் தெரிந்தது. கறி அதற்குள் தீர்ந்திருந்தது.

இன்னொரு வியாதியும் சேர்ந்துகொண்டது. பெருக்கல். பாப்பா போனில் “ஒரு பன்னும் காபியும் சாப்பிட்டனுங்கப்பா” என்பாள். நான் அந்தப் பக்கத்து விலையை இந்தப் பக்கத்து விலையால் பெருக்கி, “ஆத்தாடி! அந்தக் காசுக்கு அன்னபூரணியா நம்ம தெருவுக்கே சாப்பாடு போடலாமே!” என்பேன். இரண்டு மூன்று நாளில் அவள் என்ன சாப்பிட்டாள் என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

“நீங்க பெருக்கறதக் கேட்டா எனக்குத் தொண்டையில எறங்க மாட்டேங்குதுங்கப்பா” என்றாள் ஒருநாள்.

ஒண்ணாந்தேதியும் வந்தது. யூரோ என்னை ஒரு மனிதனாகவே மதிக்காமல் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதற்கு அடுத்த முகூர்த்தத்தில்தான் அந்தக் கோபிக் கல்யாணம்.

பாங்காக்கில் ஒரு தேசபக்தன்

வெளிநாட்டுப் பணத்தோடு எனக்கு இது முதல் மோதல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால், நூல் வியாபாரிகள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து பாங்காக் போனோம். விமானத்தை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, கண்ணில் பட்ட முதல் கவுண்டரில் கையிலிருந்த பணத்தை முழுக்க மாற்றியது. ஊருக்குள் போவதற்குள் விலை ஏறிவிட்டால்? மற்றவர்கள் டாக்ஸிக்கு மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டார்கள். மறுநாள் கடைவீதியில் ஒரு சந்துக்குள் இருந்த கடையில் அதே பணத்துக்கு ஏராளமாகக் கூட வாங்கினார்கள். விமான நிலையத்தில் மாற்றுவது ரயிலில் இளநீர் வாங்குகிற மாதிரி, வேறு வழி இல்லாதவனுக்கான விலை என்று அன்றைக்குத் தெரிந்தது.

கையில் இருந்தது கரைந்ததும் கார்டை எடுத்தேன். மல்லிகாவுக்கு ஒரு கைப்பை. கடைக்காரப் பெண் மெஷினை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். தாய்லாந்துப் பணமான பாத்தில் போடவா, ரூபாயில் போடவா என்று அது கேட்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அயல்நாட்டு மெஷினில் நம் ரூபாய்! பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி ரூபாயை அழுத்தினேன். அந்தப் பயணம் முழுக்க, சாப்பாடு, பொம்மை யானை, முதுகு பிடித்துவிட்டது எல்லாவற்றுக்கும் ரூபாய்தான்.

ஊருக்கு வந்து கார்டு பில்லைப் பார்த்தபோது கைப்பையின் விலை நான் கணக்குப் போட்டதைவிட எங்கோ இருந்தது. ஜாபரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஜாபர் என் கல்லூரித் தோழன். கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு சந்தில் லைசென்ஸ் வாங்கி அன்னியப் பணம் மாற்றும் கடை வைத்திருக்கிறான். அப்பா காலத்தில் அத்தர் கடை. இப்போதும் கல்லாவைத் திறந்தால் டாலரில் லேசாக மல்லிகை வாசம் அடிக்கும்.

பில்லைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தான். “டேய் சண்முகம், நீ ரூபான்னு அமுக்குனா, அந்தக் கடையோட பேங்க்காரன் அவன் இஷ்டத்துக்கு ஒரு ரேட்டு வெச்சு மாத்துவான். அந்த ஊர்க் காசுலயே போடுன்னு சொல்லியிருந்தா நம்ம கார்டுக்காரன் ரேட்டு வந்திருக்கும். உன்ற தேசபக்திக்குத் தாய்லாந்துல தனி வரி கட்டிட்டு வந்திருக்கற.”

அந்தக் கைப்பையை மல்லிகா இன்னும் வெளியில் எடுக்கவில்லை. அதன் விலையைத் தெரிந்துகொண்டதிலிருந்து பீரோவுக்குள் நகையோடு வைத்திருக்கிறாள்.

மில் விலையும் கடை விலையும்

கோபிக்குத் திரும்புவோம். ரச வேட்டியோடு கை கழுவப் போனேன். குழாயடியில் மல்லிகா நின்றிருந்தாள். கையில் அவளுடைய போன். மறுமுனையில் பாப்பா அழுகிறாளா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

நிவேதாவோடு தங்கும் பெண் ஊருக்குப் போயிருந்தவள், சனிக்கிழமை திரும்பி வருகிறாள், தங்கையையும் கூட்டிக்கொண்டு. சோபா தங்கைக்கு. வெள்ளிக்கிழமை அறை கிடைக்காவிட்டால் பாப்பா பெட்டியோடு எங்கே போவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மல்லிகா போனை வைத்தாள். “ஏனுங்க, நீங்க வெல எறங்கட்டும்னு இங்க உக்காந்திருக்கறீங்க. அங்க புள்ள பொட்டி மேல உக்காந்திருக்கறா. ஒரு யூரோவுக்கு ஒரு ரூவா எறங்குனா மொத்தத்துல எவ்வளவு மிச்சமாகும்? சொல்லுங்க.”

மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒரு வாரத் தூக்கத்துக்கும் ஒரு வேட்டிக்கும் ஈடான தொகையாக அது வரவில்லை. குழாயைத் திறந்து வேட்டியை அலசினேன்.

“மொய் வெச்சாச்சுங்களா?”

“வெச்சாச்சு.”

“அப்ப வண்டிய எடுங்க.”

நேராக ஜாபர் கடை. கதையைக் கேட்டான். என் போனை வாங்கி யூரோ விலையைப் பார்த்தான்.

“இதையா பாத்துட்டிருந்த?”

“ஆமாம்.”

“இது பேங்க்கும் பேங்க்கும் தங்களுக்குள்ள மொத்தமா வாங்கி விக்கற வெல. மில் வெலன்னு வெச்சுக்க. உனக்கு எவனாச்சும் மில் வெலையில நூல் கோன் குடுப்பானா? உனக்குக் கெடைக்கறது கடை வெல. அதுலயும் நோட்டா வாங்குனா ஒண்ணு, கார்டுல போட்டா ஒண்ணு, பேங்க் வழியா அனுப்புனா ஒண்ணு. வாங்கறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணு.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இவ்வளவு நாளும் எனக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒரு விலை ஏறியதற்கும் இறங்கியதற்கும் சேர்த்து நான் ரத்தக்கொதிப்பு மாத்திரை போட்டிருக்கிறேன்.

“அப்ப எப்பத்தான் எறங்கும்?”

“எனக்குத் தெரிஞ்சா இந்தச் சந்துல ஏன்டா உக்காந்திருக்கறேன்?” என்றான். “போன தடவ மலேசியா போறதுக்கு முன்னாடியே, ஏறப்போவுதுன்னு, ஊட்டுல எல்லாருக்கும் சேத்து ரிங்கிட் வாங்கி வெச்சேன். தொழில்ல இத்தன வருசம் இருக்கறவன். நாங்க கெளம்பறதுக்குள்ள எறங்கிருச்சு. என்ற பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டறா.”

பிறகு அவன் சொன்னதுதான் இந்த விவகாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே உருப்படியான சமாச்சாரம்.

“ரேட்டு என்னன்னு மட்டும் கேக்காத. கூலி இல்லைன்னு சொல்றவன் ரேட்டுல எடுத்துக்குவான். ரேட்டு கொறச்சவன் கூலியில எடுத்துக்குவான். அங்க இத்தன யூரோ கொறையாமப் போயிச் சேரோணும், இங்க என்ற கணக்குல கூலி, வரி எல்லாம் சேத்து எத்தன ரூவா போவும்? இந்த ஒரே கேள்விய ரெண்டு மூணு எடத்துல கேளு. எது கம்மியோ அங்க குடு. உன்ற பேங்க்குல ரேட்டைக் கொஞ்சம் கொறைக்கவும் சொல்லு.”

“பேங்க்குல பேரம் பேசலாமா?”

“மில்லுக்காரன்கிட்டப் பேசற மாதிரியே பேசு.”

பேரம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. ‘அங்கே குறையாமல்’ என்று அவன் சொன்னது அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

நான் ஜெயித்த காலை

மறுநாள் வங்கி திறக்கும்போதே வாசலில் நின்றேன். வெளிநாட்டுப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி, பாப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். விலையைச் சொன்னாள். நான் நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டேன். முப்பது வருடத்தில் எத்தனையோ மில் மேனேஜர்களை உருக்கிய பெருமூச்சு அது.

“நெம்ப நாள் கஸ்டமருங்க அம்மணி. ஏதோ பாத்துப் போடுங்க.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு யாருக்கோ போன் போட்டாள். மெதுவாகப் பேசினாள். யூரோவுக்குச் சில பைசா குறைந்தது!

சில பைசாதான். ஆனால் அந்த நிமிடம் நான் அடைந்த கர்வம் இருக்கிறதே, ஐரோப்பாவையே படிய வைத்துவிட்ட மாதிரி இருந்தது. கையெழுத்துகளைப் பெரிதாகப் போட்டேன்.

“சார், வழியில வேற பேங்க் சார்ஜஸ் வரும். அது யார் சைடுங்க? நீங்க ஏத்துக்கறீங்களா, வாங்கறவங்களா?”

நூல் வியாபாரத்தில் லாரி வாடகையை யார் கொடுப்பது என்று இரண்டு வகை உண்டு. அனுப்புகிறவன் கொடுத்தால் ‘பெய்டு’. சரக்கை எடுக்கிறவன் கொடுத்தால் ‘டு பே’. எங்கள் கடையில் இத்தனை வருடத்தில் ஒரு மூட்டைகூடப் பெய்டில் போனதில்லை. பெய்டு போடுகிறவன் தொழிலுக்குப் புதுசு என்று அர்த்தம்.

“டு பே” என்றேன்.

“சார்?”

“வாங்கறவங்க தலையில போடுங்க அம்மணி.”

அவள் தயங்கினாள். “ஃபுல் அமௌன்ட் போய்ச் சேரணும்னா நீங்களே ஏத்துக்கறது நல்லதுங்க சார்.”

“நான் இந்தத் தொழில்ல முப்பது வருசமா இருக்கறேனுங்க” என்றேன், பெரிய மனதோடு. என் தொழில் நூல் என்பதையும் அவளுடையதுதான் பணம் அனுப்புவது என்பதையும் அப்போது எனக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வெளியே வந்து, மிச்சமான பைசாக்களைக் கூட்டி, அதைவிட அதிக விலைக்கு ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டேன்.

லாரிக்காரர் கேட்ட கையெழுத்து

வியாழக்கிழமை மதியம். குடோனில் நூல் மூட்டைகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. காற்றெல்லாம் பஞ்சு. பாப்பா கூப்பிட்டாள்.

“அப்பா, பணம் வந்துருச்சுங்களாம்.”

“பாத்தியா! அப்பான்னா ஆரு!”

“முழுசா வரலீங்களாம். வழியில புடிச்சுட்டாங்களாம். இருபது யூரோவுக்கு மேல கொறையுதுங்கப்பா. முழுசா வந்தாத்தான் ரூம் உறுதின்னு மெயில் வந்திருக்குது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பாங்களாம்.”

“எப்படிக் கொறையும்? ஆரு புடிச்சது?”

அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் ரசீதை நீட்டினார். “கையெழுத்துங்க. டு பே தானுங்களே?”

ரசீதின் மேல் சிவப்பு முத்திரை. ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தது. நான் அதைப் பார்த்தபடியே ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். வாங்குகிறவர்கள் தலை. அந்தத் தலை என் பெண்ணுடையது.

அடுத்த ஒரு மணி நேரம் நான் செய்ததை எல்லாம் எழுதினால் பக்கம் போதாது என்பார் பத்திரிகை ஆசிரியர். வங்கிக்குப் போன் செய்தேன். மறுபடி அனுப்பலாம், ஆனால் நாளைக்குள் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கூரியரில் நோட்டை அனுப்பலாமா என்று ஜாபரைக் கேட்டேன். கேட்டதை மறந்துவிடுவதாகச் சொன்னான். நானே புறப்பட்டுப் போனால் என்ன என்று விமான டிக்கெட் பார்த்தேன். அந்தக் காசுக்கு அதே விடுதியில் நானும் ஒரு அறை எடுத்துச் சில மாதம் தங்கலாம். என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது, விசா இல்லை. விசா வாங்க எத்தனை நாளாகும் என்றும் கேட்டேன்.

“மொதல்ல ஒரு சொம்புத் தண்ணி குடிங்க” என்றாள் மல்லிகா.

பாப்பாவைத் திரும்பக் கூப்பிட்டேன். “கையில இருக்கற காசக் கொண்டுபோயி ஆபீசுல நேரா குடுத்துரு கண்ணு.”

“நோட்டு வாங்க மாட்டாங்கப்பா. கணக்குல இருந்துதான் போகோணும். எனக்குத்தான் கணக்கே இல்லியே.”

“அந்த நிவேதாப் புள்ளைக்குக் கணக்கு இருக்குமே?”

பாப்பா குரலைத் தாழ்த்தினாள்.

“அவ சோபாவுல படுத்து, அவ அரிசியில சோறு தின்னுட்டிருக்கறேன். இனிக் காசும் கேக்கறதுங்களா? ஆருகிட்டயும் கை நீட்டக் கூடாதுன்னு நீங்கதானுங்கப்பா சொல்லுவீங்க.”

சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் சொன்னது ஆயிரம் இருக்கும். அவள் கேட்டுக்கொண்டது இந்த ஒன்றைத்தான், அதுவும் கேட்கவே கூடாத நேரத்தில்.

“அப்பா சொன்னது தப்பு. கேளு கண்ணு” என்றேன்.

“பாக்கறனுங்கப்பா” என்றாள். அந்தப் ‘பாக்கறேன்’ யாருடையது என்று எனக்குத் தெரியும். கேட்க மாட்டாள். எங்கள் வீட்டில் ‘பாக்கறேன்’ என்றால் அதுதான் அர்த்தம்.

டீ நேரம்

அவர்களுக்கு வெள்ளி மதியம் என்றால் நமக்கு டீ நேரம். ஜாபர் கடையில் நானும் மல்லிகாவும் உட்கார்ந்திருந்தோம். வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. ஜாபர் சமோசா வாங்கி வைத்தான். யாரும் தொடவில்லை. துபாய் போகிற ஒருவர் வந்து திர்ஹாம் விலை கேட்டுவிட்டு, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்து, விலை அவ்வளவு மோசமா என்று பயந்து போய்விட்டார்.

போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. மல்லிகா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, சாவி வாங்கிட்டனுங்க.”

மல்லிகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜாபர் எழுந்து நின்றான்.

“எப்படி கண்ணு?” என்றேன்.

அந்த வீட்டில் சமையலறைக்குக் கதவு கிடையாது. வியாழக்கிழமை நாங்கள் பேசியது முழுக்க நிவேதா காதில் விழுந்திருக்கிறது. என் குரலுக்குப் போனே தேவையில்லை என்று மல்லிகா அடிக்கடி சொல்வாள். அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. குக்கருக்கு மூன்றாவது விசில் வருவதற்குள் தன் கணக்கிலிருந்து குறைந்த தொகையை விடுதிக்கு அனுப்பிவிட்டாள். அங்கே உள்ளூரில் அனுப்பினால் கண் மூடித் திறப்பதற்குள் சேர்ந்துவிடுமாம். அலுவலகத்தில் உறுதி செய்யும் வரைக்கும் பாப்பாவிடம் மூச்சுவிடவில்லை. காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “வா, சாவி வாங்கப் போலாம்” என்றாளாம்.

“காசு குடுத்தனுங்கப்பா. வாங்கமாட்டேங்கறா. குடுத்தா சோபாவுல படுத்ததுக்கும் சேத்து வாடக கேப்பாளாம்.”

ஜாபர் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தேன். “அந்தப் புள்ளையோட அக்கவுண்டு நம்பரச் சொல்லு கண்ணு. இப்பவே அந்தக் காச அனுப்பிச்சுடறேன்!”

“அனுப்பாதீங்க!” என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த சத்தம்தான் அதிகம்.

“டேய், அனுப்பற கூலி அதவிட ஜாஸ்திடா” என்றான் ஜாபர்.

“செரி, அவங்கப்பா பவானியிலதான இருக்கறாரு? கணக்குப் பாத்து அவர் கையில ரூவாயாக் குடுத்துடறேன்.”

ஜாபர் கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். “அங்க யூரோ, இங்க ரூவான்னு கைமாத்தறதுக்கு வேற பேரு இருக்குதுடா. என்ற லைசென்ஸ் போர்டுக்குக் கீழ உக்காந்துட்டு அதப் பேசாத.”

“அப்ப என்னதான் பண்றது?”

“காசக் கொண்டுட்டுப் போனா யாவாரம்” என்றாள் மல்லிகா. “சும்மா போனா ஒறம்பரை. ஞாயித்துக்கெழமை போலாம்.”

சமோசாவை எடுத்தாள். ஆறிப்போயிருந்தது. நாங்கள் எல்லாவற்றையும் சாப்பிட்டோம்.

பவானி

நிவேதாவின் அப்பா பவானியில் டயர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. நாங்கள் வாழைப்பழச் சீப்பும் இனிப்புமாக இறங்கினோம். வாசலில் கரும்பலகை. பஞ்சர் இன்ன விலை, காற்று இலவசம். அதற்குக் கீழே, சாக்பீஸில், அழித்து அழித்து எழுதிய வெள்ளைத் தடத்தின் மேல்: ‘யூரோ’. பக்கத்தில் அன்றைய எண்.

நான் அந்தப் பலகை முன்னால் நின்றுவிட்டேன். அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“வாங்க வாங்க. டு பே போட்டவருங்களா?”

செய்தி எனக்கு முன்னால் பவானி வந்து சேர்ந்திருந்தது.

“அத உடுங்க” என்று அவரே என் தோளைத் தட்டினார். “வெல ஏறுதேன்னு நான் பயந்துபோயி, ஒரு வருசத்துக்கும் சேத்து ஒரே நாள்ல அனுப்பிச்சுப்போட்டனுங்க. அடுத்த வாரமே எறங்கிருச்சு. அன்னைலிருந்து தெனமும் எழுதி வெக்கறேன். பாக்கறவங்க இது என்ன டயருன்னு கேக்கறாங்க. ஒருத்தரு முன்னாடிச் சக்கரத்துக்கு ரெண்டு வேணும்னாரு.”

நானும் போனை எடுத்தேன். அவர் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் சில பைசா வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை சந்தை லீவு என்று தெரிந்திருந்தும் யாருடையது சரி என்று நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து மல்லிகா கூப்பிட்டாள்.

“ஏனுங்க, பாப்பா ரூமக் காட்டறா. வாங்க!”

இரண்டு அம்மாக்களும் ஒரு போனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, வெளியே மஞ்சள் இலையோடு ஒரு மரம். இன்னும் திறக்காத பெட்டி. டயர்க்கடைக்காரர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “அம்மணி, அந்தச் சன்னலுக்குத் தாப்பா இருக்குதா?” என்று கேட்டார். பாப்பா தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து காட்டினாள். பிறகு கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

“இதப் பாருங்க.”

கதவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பெயர்ச் சீட்டு. அந்த ஊரில் முதல் பெயரை எழுத மாட்டார்களாம், கடைசிப் பெயர் மட்டும்தான். நம் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர் என்றால் அப்பன் பெயர். ஆங்கில எழுத்தில் சண்முகம் என்று மட்டும் இருந்தது.

“அடக் கடவுளே” என்றாள் மல்லிகா. “ரூம் கெடைக்காமப் பண்ணப் பாத்தவரு பேரையா கதவுல எழுதி வெச்சிருக்கறாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நிவேதா சிரிப்பதும் கேட்டது.

“இன்னுங் கொஞ்சம் கிட்டக் காட்டு கண்ணு” என்றேன். “எழுத்துத் தெரிய மாட்டேங்குது.”

“கண்ணாடி கொண்டு வரலீங்களா?” என்று கேட்டார் டயர்க்கடைக்காரர்.

“மூக்கு மேலதானுங்க இருக்குது” என்றாள் மல்லிகா, முந்தானை நுனியை என் பக்கம் நீட்டியபடி.